முப்பத்து மூன்றாவது இடம்!

எனக்கு ஒரு வியாதி உண்டு. டாக்டரிடம் சொன்னால் சிரிப்பார் என்பதால் உங்களிடம் சொல்லி வைக்கிறேன். எதைப் பார்த்தாலும் வரிசைப்படுத்தி, பக்கத்தில் நம்பர் போடுவது!

கல்யாணத்துக்குப் போனால் சாம்பாருக்கு ரேங்க். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டருக்கு ரேங்க். திண்டுக்கல் மணிக்கூண்டைச் சுற்றியுள்ள டீக்கடைகளுக்கு ஒன்று முதல் ஒன்பது வரை நம்பர் போட்ட பட்டியல் என் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். என் கல்யாணம் முடிந்த மறுநாள், பொழுது போகாமல் மொய் நோட்டை எடுத்து, பெரிய தொகையிலிருந்து சின்னத் தொகை வரை இறங்குவரிசையில் எழுதினேன். மாமனாரின் தம்பி பதினோராவது இடத்தில் வந்தார். அதைப் போய்ப் புது மனைவியிடம் காட்டினேன்! அவள் நான்கு நாள் பேசவில்லை. (என் வாழ்க்கையின் அமைதியான நாட்கள் வரிசையில் அந்த நான்கும்... வேண்டாம், அவளும் இந்தப் பத்திரிகை படிக்கிறாள்.)

எல்லாவற்றுக்கும் காரணம் நான் படித்த பி.காம்.தான். மூன்று வருடம் பற்று, வரவு என்று எழுதிப் பழகியவனுக்கு எதையும் எண்ணாக்கினால்தான் தூக்கம் வரும். இப்போது பகலில் நாலைந்து கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்குப் பார்க்கிறேன். ராத்திரியில் பத்திரிகைகளுக்கு எழுதுகிறேன். எழுத்தில் வருகிற வருமானத்தை மட்டும் எந்த வரிசையிலும் சேர்ப்பதில்லை. வரிசை என்றால் குறைந்தது இரண்டு உருப்படியாவது வேண்டும், பாருங்கள்!

இந்த வியாதிக்கு முதல் அடி 2008-ல் விழுந்தது.

கடைசி வருடப் பரீட்சை எழுதிவிட்டு ஊர் சுற்றிக்கொண்டிருந்த நேரம். ஐ.பி.எல். கிரிக்கெட் முதல்முறையாக ஆரம்பித்திருந்தது. எட்டு அணிகளை அந்த வருடம் ஜனவரியில் ஏலம் விட்டிருந்தார்கள். அடியேன் உடனே நோட்டை எடுத்தேன். மும்பை 11.19 கோடி டாலர். பெங்களூர் 11.16. ஹைதராபாத் 10.7. நம்ம சென்னை 9.1. டெல்லி 8.4. பஞ்சாப் 7.6. கொல்கத்தா 7.5. கடைசியில் ராஜஸ்தான், 6.7 கோடி டாலர்.

"காசு போட்டவன்தான் ஜெயிப்பான். கப் மும்பைக்கு. ராஜஸ்தான் கடைசி. எழுதி வச்சுக்கங்கடா!" என்றேன். டீக்கடை டி.வி. முன்னால் இருந்த நண்பர் கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள், ஒருத்தனைத் தவிர.

"நான் ராஜஸ்தான் பக்கம் மாப்ள. பந்தயம் ஆறு பிளேட் பிரியாணி. சீரக சம்பா, மட்டன். முட்டை தனி."

நடந்தது உங்களுக்கே தெரியும். ஜூன் 1-ம் தேதி இறுதி ஆட்டத்தில், கடைசிப் பந்தில் சென்னையைத் தோற்கடித்து ஷேன் வார்னின் ராஜஸ்தான் கோப்பையைத் தூக்கியது. மும்பை ஐந்தாவது இடம். விலையில் இரண்டாவதாக இருந்த பெங்களூர் ஏழாவது. மூன்றாவதாக இருந்த ஹைதராபாத் எட்டாவது, அதாவது கடைசி! பெங்களூர் தன் முதல் கோப்பையை வாங்க 2025 ஆக வேண்டியிருந்தது.

அத்தோடு நான் திருந்தியிருக்க வேண்டும். திருந்தவில்லை. ஊர் அணிகள் போதாதென்று உலக அணிகளுக்குப் போய்விட்டேன்.

அமெரிக்காவில் ஃபோர்ப்ஸ் என்று ஒரு பத்திரிகை. என்னைப் போலவே வியாதிக்காரர்கள். ஆனால் அவர்களுக்கு அதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். உலகத்தின் விலை உயர்ந்த விளையாட்டு அணிகள் என்று வருடா வருடம் பட்டியல் போடுவார்கள். அதில் 2016 முதல் 2024 வரை தொடர்ந்து முதலிடம் டல்லாஸ் கௌபாய்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணிக்கு. 2024-ல் அதன் மதிப்பு 1,010 கோடி டாலர். நம் கணக்கில் சுமார் 85,000 கோடி ரூபாய்! சரி, அவ்வளவு பணம் இருக்கிறதே, கப் எத்தனை என்று பார்த்தேன். கடைசியாக அவர்கள் சூப்பர் பௌல் ஜெயித்தது 1996 ஜனவரியில். அப்போது நான் மூணாங்கிளாஸ்.

அதே பத்திரிகை 2009-ல் இன்னொரு பட்டியலும் ஆரம்பித்தது. உலகின் சக்திவாய்ந்த மனிதர்கள். முதல் பட்டியலில் 67 பேர். அதென்ன 67? உலக ஜனத்தொகை அப்போது 670 கோடி. பத்துக் கோடிப் பேருக்கு ஒரு ஆள்! நம் ஊரில் இத்தனை கார்டுக்கு ஒரு ரேஷன் கடை என்பது போல. 2018 பட்டியலில் ஜனத்தொகை ஏறி 75 பேர். அதில் சீனாவின் ஷி ஜின்பிங் முதலிடம். அதற்கு முந்தைய நான்கு பட்டியல்களிலும் முதலில் இருந்த புடின் இரண்டாமிடம். டிரம்ப் மூன்று. போப் பிரான்சிஸ் ஆறு. பில் கேட்ஸ் ஏழு. நம் பிரதமர் மோடி ஒன்பது.

இதற்கு அவர்கள் வைத்திருந்த அளவுகோல் நான்கு. எத்தனை பேர் மீது அதிகாரம்? கையில் எவ்வளவு பணம்? ஒன்றுக்கு மேற்பட்ட துறைகளில் செல்வாக்கு உண்டா? இருக்கிற அதிகாரத்தை நிஜமாகவே பயன்படுத்துகிறாரா? (நான்காவது கேள்வியில் பல வீட்டுக்காரர்கள் ஃபெயில். வீட்டுக்காரிகள் பாஸ்.)

2025 தீபாவளிக்கு முந்தைய வாரம், இந்த நான்கு அளவுகோலையும் அழகாகத் தமிழில் எழுதி எங்கள் பி.காம். செட் வாட்ஸ்-அப் குரூப்பில் போட்டேன். குரூப்பில் மொத்தம் 34 பேர். இரண்டு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். ஒருத்தன் சம்பந்தமே இல்லாமல் குட்மார்னிங் ரோஜாப்பூ அனுப்பினான்.

மறுநாள் காலை அந்த ராஜஸ்தான் நண்பன் ஒரு நீளமான பட்டியலைப் போட்டான்: 'நம்ம செட்டின் பணம் மற்றும் பவர் தரவரிசை. ஃபோர்ப்ஸ் முறைப்படி!'

நம்பர் ஒன்: பைபாஸ் பக்கம் ஷோரூம், மாடி வீடு, வெள்ளைக் கார். பவர்: போன் போட்டால் மூன்று டிபார்ட்மென்ட்டில் எடுப்பார்கள். நம்பர் நாலு: சிங்கப்பூர். பவர்: லீவில் வரும்போது மட்டும். நம்பர் ஒன்பது: பாங்க் ஆபீசர். பவர்: லோன் பேப்பரில் கையெழுத்து. நம்பர் இருபது: பள்ளிக்கூடத் தாளாளருக்குக் கார் ஓட்டுகிறவன். பணம்: சொல்வதற்கில்லை. பவர்: எல்.கே.ஜி. சீட்டுக்கு இவன் வழியாகத்தான் போக வேண்டும்!

சிரித்துக்கொண்டே கீழே போனேன். இருபத்தைந்து... முப்பது... சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. முப்பத்திரண்டு...

நம்பர் முப்பத்து மூன்று: அடியேன். பணம்: செக் வரும் என்கிறார்கள். பவர்: மாதம் ஒருமுறை பெயர் அச்சில் வரும்.

எனக்குக் கீழே ஒரே ஒரு ஆள். முப்பத்து நாலாவது இடத்தில், பட்டியல் போட்டவன் தன் பெயரையே போட்டிருந்தான்.

குரூப்பில் எல்லோரும் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். நானும் இரண்டு போட்டேன். போட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். உண்மையைச் சொல்லட்டுமா? முப்பத்து மூன்று என்று பார்த்ததும் வலித்தது. அதற்கடுத்த நொடியே, 'நல்லவேளை, நமக்குக் கீழே ஒருத்தன் இருக்கிறான்' என்று ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதி எனக்கே பிடிக்கவில்லை. ஆனால் வந்தது.

இரண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை என்பதை மனைவிக்கு முன்னால் அப்பா கண்டுபிடித்துவிட்டார். அப்பா நாகல் நகரில் பூட்டுப் பட்டறையில் ஆயுசு முழுக்க வேலை பார்த்தவர். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று பேப்பரில் வந்தபோது, "பட்டறையெல்லாம் மூடினப்புறம் பட்டம் குடுக்குறாய்ங்க" என்று மடித்து வைத்தவர். அலிகாரிலிருந்து மெஷின் பூட்டு விலை மலிவாக வந்து இறங்கியபோது அவருடைய பட்டறையும் போய்விட்டது.

"என்னடா, மூஞ்சி இப்பிடி இருக்கு?"

சொன்னேன். அவர் பட்டியலைப் படிக்கச் சொல்லி, முப்பத்து நாலையும் பொறுமையாகக் கேட்டார்.

"எழுவத்து மூணுல இந்த ஊர்லயும் இப்பிடித்தான் லிஸ்ட் போட்டாய்ங்க" என்றார்.

திண்டுக்கல் பாராளுமன்ற இடைத்தேர்தல். 1973 மே மாதம். அப்பாவுக்கு அப்போது பதினாறு வயது. பட்டறையில் எடுபிடி. எம்.ஜி.ஆர். புதுக் கட்சி தொடங்கியது 1972 அக்டோபரில். கட்சிக்கு வயது ஏழு மாதம்!

"பட்டறைல பெரியவங்க எல்லாம் கணக்குப் போட்டாங்க. கோட்டைல யாரு இருக்கா, டெல்லில யாரு இருக்கா, கார் எத்தனை, கொடி எத்தனைன்னு. புதுக் கட்சிய ஏழாம் மாசத்துல பொறந்த புள்ளைன்னு சொல்லி ஓரத்துல எழுதினாங்க."

முடிவு? இரட்டை இலைச் சின்னத்தில் நின்ற மாயத்தேவர் முதலிடம். பழைய காங்கிரஸ் இரண்டு. மாநிலத்தை ஆண்டுகொண்டிருந்த தி.மு.க. மூன்று. டெல்லியை ஆண்டுகொண்டிருந்த இந்திரா காங்கிரஸ் அதற்கும் கீழே!

"அப்ப லிஸ்ட் போட்டவங்க என்ன சொன்னாங்க?" என்றேன்.

"வேற லிஸ்ட் போட்டாங்க" என்றார் அப்பா.

இது திண்டுக்கல்லுக்கு மட்டும் நடக்கிற கூத்தில்லை. 1945 ஜூலையில், ஜெர்மனியில் போட்ஸ்டாம் என்ற ஊரில், உலகத்தைப் பங்கு பிரிக்க மூன்று பேர் உட்கார்ந்தார்கள். ட்ரூமன், ஸ்டாலின், சர்ச்சில். அன்றைக்குப் பட்டியல் போட்டால் முதல் மூன்று இடம் அவர்களுக்குத்தான். பேச்சுவார்த்தைக்கு நடுவே சர்ச்சில் தன் ஊர்த் தேர்தல் முடிவு கேட்கப் போனார். போனவர் திரும்பி வரவில்லை. தோற்றுவிட்டார்! மிச்சப் பேச்சுக்கு அவர் நாற்காலியில் அட்லி வந்து உட்கார்ந்தார். யுத்தத்தை ஜெயித்தவருக்கு மாநாடு முடியும்வரைகூட ரேங்க் நிற்கவில்லை.

"பூட்டு வாங்க வர்றவன் முதல்ல என்ன செய்வான் தெரியுமா?" என்றார் அப்பா. "கைல தூக்கிப் பாப்பான். கனமா இருந்தா நல்ல பூட்டும்பான். உள்ள எத்தன லீவர் இருக்குன்னு ஒருத்தனும் கேக்க மாட்டான். ஒரு லீவர் போட்டுட்டுக் கனமா உடம்பு வார்த்து விக்கிறவனும் உண்டு. சாப்பிடு போ."

ஆறுதல் சொன்னாரா, பூட்டைப் பற்றித்தான் பேசினாரா என்று அப்போது புரியவில்லை. சாப்பிட்டேன்.

நவம்பர் 3-ம் தேதி. ராத்திரி பத்தே முக்கால். போன் அடித்தது. பார்த்தால் நம்பர் ஒன்!

"மாப்ள, தூங்கிட்டியா? கோச்சுக்காத... ஒரு நாப்பதாயிரம் கிடைக்குமா?"

காதில் சரியாக விழவில்லை என்று நினைத்தேன். சரியாகத்தான் விழுந்திருக்கிறது. ஷோரூம் சரக்கெல்லாம் பாங்க் ஓ.டி.யில் நிற்கிறதாம். மாடி வீட்டின் மேல் வீட்டு லோன். வெள்ளைக் காருக்கு மூன்று மாதத் தவணை பாக்கி, ஐந்தாம் தேதிக்குள் கொஞ்சமாவது கட்டாவிட்டால் வண்டியைத் தூக்கிவிடுவார்களாம். சீட்டு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. மனைவி நகை ஏற்கெனவே அடகில்.

"நம்ம செட்ல எத்தனையோ பெரிய ஆளுங்க இருக்காங்களேடா?" என்றேன்.

"அவனுங்ககிட்டக் கேட்டா காலைல குரூப்ல வந்துரும். உன்கிட்டக் கேட்டா வெளிய போகாது மாப்ள. அதான்."

என் சேமிப்புக் கணக்கில் அன்று இருந்தது 52,000 ரூபாய். அதில் மகளின் ஸ்கூல் ஃபீஸ் 28,000 போக வேண்டும். "பாக்குறேன்டா" என்றேன். தமிழில் 'இல்லை' என்பதற்கு மரியாதையான வார்த்தை அது. அவனுக்கும் தெரியும். "சரி மாப்ள" என்று வைத்துவிட்டான்.

மனைவி விழித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறது.

"ஏங்க, ரெண்டு நாளா அந்த லிஸ்டால சோறு தண்ணி இல்லாம இருந்தீங்க. இப்ப நம்பர் ஒன்னே உங்ககிட்ட வந்து நிக்கிறாரு. சந்தோஷமா?"

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். சந்தோஷமாகத்தான் இருந்தது! ஒரு ஐந்து நிமிடம், முப்பத்து மூன்றாவது இடத்திலிருந்து ஒரே தாவில் முதலிடத்துக்கு வந்த மாதிரி. அப்புறம்தான், 'இதே ஆசாமிதானே, பட்டியலில் கீழே ஒருத்தனைப் பார்த்து நிம்மதிப்பட்டது' என்று உறைத்தது. தூக்கம் போய்விட்டது.

மொட்டை மாடிக்குப் போனேன். எதிரே இருட்டில் மலைக்கோட்டை. 1605-ல் மதுரை நாயக்கர் முத்துகிருஷ்ணப்பர் கட்டியது. 1755-ல் மைசூர் அரசு இங்கே ஒரு தளபதியைப் பௌஜ்தாராக அனுப்பியது. அவர் பெயர் ஹைதர் அலி. அந்த வருடம் யாராவது தென்னாட்டின் சக்திவாய்ந்த மனிதர்கள் என்று பட்டியல் போட்டிருந்தால், திண்டுக்கல்லில் இருந்த இந்த அதிகாரிக்கு எந்த இடம் கொடுத்திருப்பார்கள்? ஆறே வருடத்தில், 1761-ல், மைசூர் ராஜ்ஜியமே அவர் கையில். அப்புறம் அவர் மகன் திப்பு. 1792-ல் உடன்படிக்கை போட்டு ஊர் வெள்ளைக்காரன் கைக்குப் போனது. இன்றைக்கு அந்தக் கோட்டையில் அதிகாரம் செலுத்துகிறவர் தொல்லியல் துறையின் டிக்கெட் கொடுக்கிற ஊழியர். சாயங்காலமானால் அவரும் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அப்போதுதான் பி.காம். மூளை கொஞ்சம் வேலை செய்தது.

ஃபோர்ப்ஸ் அணிகளுக்குப் போடுகிற மதிப்பு எப்படித் தெரியுமா? முதலாளியின் பங்கு மதிப்போடு கடனையும் சேர்த்த தொகை. அதாவது, ஐம்பது லட்ச ரூபாய் வீடு. அதன்மேல் முப்பத்தைந்து லட்சம் கடன் என்றால், பட்டியலில் நீங்கள் ஐம்பது லட்சத்துக்காரர்! அணியை வாங்க நினைக்கிறவருக்கு அது சரியான கணக்கு. கடனையும் சேர்த்துத்தானே அவர் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டும்? ஆனால் நம்மைப் போல டீக்கடையில் உட்கார்ந்து படிக்கிறவன் அதைப் பெட்டியில் இருக்கிற பணம் என்று எடுத்துக்கொள்கிறான். போதாதற்கு அந்த மதிப்பும் விற்றால்தான் வரும். விற்காதவரை அது பேப்பரில் இருக்கிற பணம். சம்பளம் போட உதவாது.

இதற்கு ஸ்பெயினில் ஒரு சோகக் கதையே இருக்கிறது. 2021 ஏப்ரலில் ஃபோர்ப்ஸ் போட்ட கால்பந்து கிளப் வரிசையில் பார்சிலோனா முதலிடம். மதிப்பு 476 கோடி டாலர். உலக நம்பர் ஒன்! நான்கே மாதம். ஆகஸ்டில் அதே கிளப்பின் தலைவர், கடன் 135 கோடி யூரோ என்று அறிவித்தார். லீக்கின் சம்பள உச்சவரம்புக்குள் கணக்கு அடங்கவில்லை. சின்னப் பையனாக வந்து அங்கேயே வளர்ந்த மெஸ்ஸியை வைத்துக்கொள்ள முடியவில்லை. பத்திரிகையாளர்கள் முன்னால் அவர் அழுதுகொண்டே விடைபெற்றதை உலகமே டி.வி.யில் பார்த்தது.

நம்பர் ஒன் கிளப், ஆட்டக்காரனை வைத்துக்கொள்ள முடியாமல் நிற்கிறது. நம்பர் ஒன் நண்பன், காரை வைத்துக்கொள்ள முடியாமல் நிற்கிறான். இரண்டு பட்டியலும் பொய் சொல்லவில்லை. பாதியைச் சொல்லியிருக்கின்றன. இருப்புநிலைக் குறிப்பில் வலது பக்கம் சொத்து, இடது பக்கம் பொறுப்பு என்று மூன்று வருடம் கோடு போட்டவன் நான். ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு இரண்டு நாள் பட்டினி கிடந்திருக்கிறேன்!

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. சொத்துப் பக்கத்தில், கண்ணால் பார்க்க முடியாத, கையால் தொட முடியாத ஒரு சொத்து வரும். ஆங்கிலத்தில் குட்வில். எங்கள் தமிழ்ப் பாடப்புத்தகத்தில் அதற்கு வைத்திருந்த பெயர், நற்பெயர். 'உன்கிட்டக் கேட்டா வெளிய போகாது' என்று அவன் சொன்னதை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

காலையில் மனைவியிடம் கேட்டேன். "ஃபீஸ்ல கை வைக்காதீங்க. மிச்சத்துல உங்க இஷ்டம்" என்றாள். இருபதாயிரம் அனுப்பினேன். "பாதிதான் முடிஞ்சுச்சுடா" என்று ஒரு வரி எழுதினேன். அவனிடமிருந்து கும்பிடு பொம்மைகூட வரவில்லை. ஒரு மணி நேரம் கழித்து, 'தேங்க்ஸ் மாப்ள' என்று இரண்டே வார்த்தை. அது போதும்.

(இதுவரை பன்னிரண்டாயிரம் திரும்பி வந்திருக்கிறது. மிச்சம் எட்டாயிரத்தை நான் 'பற்பல கடனாளிகள்' என்ற தலைப்பில் வைத்திருக்கிறேன். மனைவி 'வாராக்கடன்' தலைப்புக்கு மாற்றச் சொல்கிறாள். வழக்கு நிலுவையில் உள்ளது. அவன் ஆள் அடையாளம் தெரியாதபடி ஷோரூம், கார், வீடு எல்லாவற்றையும் கொஞ்சம் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். சொன்னதுபோல, வெளியே போகாது.)

அந்த மாதக் கடைசியில் பட்டியல் போட்டவனை மணிக்கூண்டு பக்கம் பிடித்தேன். நம்பர் முப்பத்து நாலு! ஹார்டுவேர் மொத்த வியாபாரம். இரண்டு கோடவுன். அவன் கடைக்கு ஜி.எஸ்.டி. கணக்கு எழுதுவது நான் இல்லை. ஆனாலும் ஊரில் சரக்கு இறங்குவதைப் பார்த்தால் கணக்கு தெரியாதா என்ன? நியாயமாக முதல் ஐந்து இடத்துக்குள் வர வேண்டியவன்.

"நீ எப்படிடா கடைசி?" என்றேன்.

"யாராச்சும் ஒருத்தன் கடைசில நிக்கணும்ல மாப்ள? எவனப் போட்டாலும் அவன் பொண்டாட்டி போன்ல பாத்துருவா. அப்புறம் அவன் வீட்ல தீபாவளி எப்பிடி இருக்கும்?"

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். இது எனக்குத் தோன்றவே இல்லை. அந்த நொடி நிம்மதியை நினைத்துக்கொண்டேன். அவன் வேண்டுமென்றே கீழே போய் நின்று கொடுத்த நிம்மதி அது!

"அப்ப நெசமாவே கடைசி நான்தானா?"

"சேச்சே! கணக்குப் பாத்தா உனக்குக் கீழ ஆறேழு பேர் வருவானுங்கடா. ஆனா அவனுங்க தாங்க மாட்டானுங்க. ஒருத்தனுக்கு வேலை போயிருச்சு. ஒருத்தன் வீட்ல ஆஸ்பத்திரிச் செலவு. நீதான் எழுதுறவனாச்சே, சிரிச்சுட்டுப் போயிருவன்னு நெனச்சு உன்ன முப்பத்து மூணுல போட்டேன். ஏன், சங்கடப்பட்டியா?"

"சங்கடமா? எனக்கா? குரூப்ல ரெண்டு சிரிப்புப் பொம்மை போட்டேனே, பாக்கலையா?" என்றேன்.

அவன் என் முகத்தை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு பேச்சை மாற்றினான். நத்தத்தில் என்.பி.ஆர். காலேஜ் மைதானத்தில் 2025 டி.என்.பி.எல். இறுதி ஆட்டம் பார்க்கப் போனதைச் சொன்னான். 2024-ல் அஸ்வின் தலைமையில் கோவையை ஜெயித்துக் கோப்பை வாங்கிய நம்ம திண்டுக்கல் டிராகன்ஸ், அடுத்த வருடம் சொந்த மண்ணிலேயே திருப்பூரிடம் தோற்றுப்போனதை இரண்டு பேரும் சேர்ந்து அலசினோம். ஊர் அணியின் விலை என்ன, உலக வரிசையில் எத்தனையாவது இடம் என்று அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

டீக்குக் காசு கொடுக்கப் பையில் கை விட்டேன். கையைப் பிடித்துக்கொண்டான்.

"டீ இருக்கட்டும் மாப்ள. அந்த ராஜஸ்தான் பிரியாணி என்னாச்சு?"

"எந்த..."

"ரெண்டாயிரத்து எட்டு. ஆறு பிளேட். மட்டன். முட்டை தனி."

தூக்கிவாரிப் போட்டது. பதினேழு வருடப் பாக்கி! எட்டாயிரம் வரவில்லை என்று வீட்டில் வழக்கு நடத்துகிறவன், அவன் கணக்குப் புத்தகத்தில் இத்தனை வருடமாக வாராக்கடனாக உட்கார்ந்திருக்கிறேன். ஒருநாளும் கேட்டதில்லை. பட்டியலிலும் போடவில்லை.

"வர்ற ஞாயித்துக்கிழமை" என்றேன்.

"பாக்குறேன்னு சொல்லாம இருந்தியே, அது போதும்" என்று சிரித்தான்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போனேன். எந்தக் கடை என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அது எத்தனையாவது இடம் என்று கேட்பீர்கள்!